பல்லின் கதை – 17: குற்றம் சாட்டப்பட்டவன் காவலுக்கு வந்த கதை

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும்போதெல்லாம் சேந்தமங்கலத்தைத் தாண்டிக் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி ஒரு டீ குடிப்பது என் வழக்கம். அதன் பிறகு காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஏறினால் பாதி மலையில் புரட்டும் என்பதால், இங்கே ஒரு டீயோடு நிறுத்திக்கொள்வார்கள் பழக்கப்பட்டவர்கள்.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது எதிர் பெஞ்சில் ஓர் ஆயா பேரனை மடியில் வைத்துக்கொண்டு பன்னை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். பையனுக்கு நான்கு வயது இருக்கும். கையில் பிரிக்காத ஒரு தேன் மிட்டாய். என்னைப் பார்த்துச் சிரித்தான். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறு வரைக்கும் கறுத்து, முனை உதிர்ந்து, அடிக்கட்டை மட்டும் மிச்சமிருந்தது. நான் பார்ப்பதை ஆயா கவனித்துவிட்டார்.

"பூச்சி அரிச்சிருச்சுங்க. பால் பல்லுதானே, விழுந்தா நல்லதா மொளச்சுக்கும்" என்றார்.

பூச்சி என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பல்லைப் புழு தின்கிறது என்று பாபிலோனியர்கள் நம்பினார்கள். நம் ஊர்களில் காய்ந்த கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையைக் குழல் வழியாக வாய்க்குள் பிடித்துப் பல்பூச்சியை விரட்டினார்கள். ஐரோப்பாவில் அதே வேலையைக் குரோசாணி ஓம விதையின் புகையைக் கொண்டு செய்தார்கள். 1728-ல் பாரிசின் பியர் ஃபோஷார், தான் பார்த்த சொத்தைகளில் புழு எதுவும் இல்லை என்று எழுதியதோடு புழுவின் கதை முடியத் தொடங்கியது. ஆனால் ஆயா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பல்லை அரிப்பது உயிருள்ள ஒன்றுதான். அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. அந்தச் சிறிய உயிரைக் கண்டுபிடித்த கதையும், அதன் உறவுக்காரர்களைக் கொண்டே அதை அடக்கப் பார்க்கும் முயற்சியும் இந்த அத்தியாயம்.

வில்லோபி டேட்டன் மில்லர் ஓர் அமெரிக்கர். பெர்லினில் குடியேறிப் பல் மருத்துவம் பார்த்தவர். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் வித்தையைக் கற்றார். அவர் செய்த சோதனையை ஒரு பள்ளிக்கூடத்தில்கூடச் செய்து காட்டலாம். பிடுங்கிய பற்களை எச்சிலில் போட்டு, அதோடு ரொட்டியையோ சர்க்கரையையோ சேர்த்து, உடம்புச் சூட்டில் வைத்தார். சில வாரங்களில் பல்லின் சுண்ணாம்பு கரைந்து பல் மெத்தென்று ஆனது. ரொட்டிக்குப் பதில் இறைச்சியைச் சேர்த்தபோது கரையவில்லை. எச்சிலை முதலில் கொதிக்க வைத்துவிட்டபோதும் கரையவில்லை. ஆக, மாவுப் பொருளோ சர்க்கரையோ வேண்டும், அதைப் புளிக்க வைக்கும் உயிரும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அமிலம், அமிலம் சேர்ந்தால் சொத்தை. 1890-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். குறிப்பிட்ட ஒரு கிருமியைக் குற்றவாளி என்று அவர் சுட்டவில்லை. வாயில் இருக்கும் பல கிருமிகள் இந்த வேலையைச் செய்யும் என்றார். நூறாண்டு கழித்து ஆராய்ச்சி உலகம் திரும்பி வந்து நின்ற இடம் ஏறத்தாழ அதுதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய சுற்று சுற்றியாயிற்று.

அந்தச் சுற்றில் முதலில் கூண்டில் ஏறியது லாக்டோபேசில்லஸ். பாலைத் தயிராக்கும் குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியா.

சொத்தைக் குழிகளைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அங்கே இந்தக் கிருமி மண்டிக் கிடப்பது தெரிந்தது. மற்றக் கிருமிகள் தாங்காத புளிப்பையும் இது தாங்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் பண்டிங் 1920-களில் இதையே சொத்தைக்குக் காரணம் என்று வாதிட்டார். 1933-ல் ஃபெய்த் ஹாட்லி ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தார். எச்சிலைத் தக்காளி கலந்த அகர் என்ற வளர்ப்புக் கூழில் பரப்பி, எத்தனை லாக்டோபேசில்லஸ் கூட்டங்கள் முளைக்கின்றன என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடினால் சொத்தை வரும் வாய்ப்பு கூடுதல் என்று அர்த்தம். பல ஆண்டுகள் பல் மருத்துவர்கள் இந்த எண்ணிக்கையை நம்பினார்கள்.

அதற்கு முன்பிருந்தே அதே குடும்பத்துக்கு வேறோர் இடத்தில் மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தது. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ரஷ்யரான இலியா மெச்னிகோவ், பல்கேரியக் கிராமத்து மக்கள் புளித்த பால் குடித்து நெடுநாள் வாழ்கிறார்கள் என்று நம்பினார். தயிர்க் கிருமி குடலில் இருக்கும் கெட்ட கிருமிகளை அடக்குகிறது என்று 1907-ல் எழுதினார். மறுவருடம் வேறொரு கண்டுபிடிப்புக்காக, நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக, அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புகழ் தயிருக்கும் ஒட்டிக்கொண்டது. குடல் வைத்தியர்கள் தயிரை மருந்தென்று கொடுக்க, பல் வைத்தியர்கள் அதில் இருக்கும் குடும்பத்தையே நோய் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையான முதல் எதிரியை லண்டனில் கிலியன் கிளார்க் 1924-லேயே பிடித்துவிட்டார். சொத்தையின் தொடக்க நிலையில் இருந்த பற்களிலிருந்து அவர் பிரித்தெடுத்த உருண்டைக் கிருமி, வளர்க்கும் சூழலுக்கேற்ப உருமாறியது. அதனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நாற்பது ஆண்டுகள் அந்தப் பெயர் தாள்களுக்குள் கிடந்தது.

வழக்கைத் திறந்தவை எலிகளும் வெள்ளெலிகளும். 1954-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஆர்லாண்டும் அவர் குழுவினரும், கிருமியே படாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த தீனி கொடுத்தார்கள். ஒரு பல்லும் கெடவில்லை. அதே தீனியை உண்ட சாதாரண எலிகளின் பற்கள் கெட்டன. 1960-ல் பால் கீஸும் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும், சொத்தையே வராத வெள்ளெலிகளைச் சொத்தையுள்ளவற்றோடு ஒரே கூண்டில் விட்டபோது நோய் ஒட்டிக்கொண்டதைக் காட்டினார்கள். பரப்பியது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை. கிளார்க்கின் கிருமி திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது.

அதன் வேலைத்திறனைச் சொன்னால்தான் பின்னால் வரும் சோதனைகள் விளங்கும். நாம் சர்க்கரை என்று சொல்லும் சுக்ரோசிலிருந்து மியூட்டன்ஸ் பசைபோல ஒன்றைத் தயாரிக்கிறது. அந்தப் பசையால் வழவழப்பான எனாமலில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. மிச்சச் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்மேல் படலத்தின் அமிலநிலை 5.5 என்ற எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே எனாமலின் கால்சியம் கரையத் தொடங்கும். எச்சில் அதை மீட்டுக் கொண்டுவர அரைமணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிட்டால் மீட்பே கிடையாது. அந்தச் சிறுவனின் கையில் தேன் மிட்டாய் காத்திருந்தது இதனால்தான் என் நினைவில் நிற்கிறது.

சரி, அப்படியானால் லாக்டோபேசில்லஸ் நிரபராதியா? முழுக்க அப்படியும் இல்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நுழைகிறவன் அவன். குழி விழுந்து, புளிப்பு ஏறி, மற்றவர்கள் ஓடிய பிறகு அங்கே குடியேறிக் குழியை ஆழமாக்குகிறான். தீ வைத்தவன் என்ற முதல் குற்றச்சாட்டு மட்டும் தள்ளுபடியானது. அந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒவ்வோர் இனத்திலும் எண்ணற்ற வகைகள். எல்லோரையும் ஒரே பெயரில் அடைத்ததுதான் பழைய தவறு.

நல்லது செய்யும் கிருமிகளுக்கு ஒரு பெயரும் பின்னால் கிடைத்தது. 1965-ல் லில்லி, ஸ்டில்வெல் என்ற இருவர் ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளைக் குறிக்கப் புரோபயாட்டிக் என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். பொருள் மெல்ல நகர்ந்தது. 2001-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு ஒரு வரையறை தந்தது: போதிய அளவு உட்கொண்டால் நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள். இதில் 'போதிய அளவு', 'உயிருள்ள' என்ற இரண்டு நிபந்தனைகளையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் தயிருக்கு வரும்போது இவை தேவைப்படும்.

அதே 2001-ல்தான் பல்லுக்கான முதல் பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. இடம் பின்லாந்தின் ஹெல்சிங்கி. நகரத்தின் 18 பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களில் 1 முதல் 6 வயது வரையிலான 594 குழந்தைகள். மதியச் சாப்பாட்டோடு வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு மாதம் பால் கொடுத்தார்கள். ஒரு பாதிக்குச் சாதாரணப் பால். மறுபாதிக்கு லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி கலந்த பால். யாருக்கு எது என்று குழந்தைகளுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பல் பார்த்த மருத்துவர்களுக்கும் தெரியாது.

இந்த ஜிஜி வகையைத் தேர்ந்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. அமெரிக்காவில் ஷெர்வுட் கோர்பாக், பாரி கோல்டின் என்ற இருவர் ஆரோக்கியமான ஒருவரின் குடலிலிருந்து எடுத்த வகை அது. அவர்களின் பெயர் முதலெழுத்துகளே ஜி, ஜி. இது சுக்ரோசையும் பால் சர்க்கரையையும் புளிக்க வைக்காது. அதாவது, பல்லைக் கரைக்கும் அமிலத்தை நம் இனிப்பிலிருந்து இது தயாரிக்காது. பண்டிங்கின் குற்றப்பத்திரிகையிலிருந்து இந்த ஒரு வகையை விடுவிக்க அந்தக் குணம் போதும். இதன் வணிக உரிமை பின்லாந்தின் வாலியோ என்ற பால் நிறுவனத்திடம் இருந்தது. ஆய்வில் அதன் விஞ்ஞானியும் பங்கேற்றார். இதைச் சொல்வது குறை காண்பதற்காக இல்லை. யார் செலவில் எது சோதிக்கப்பட்டது என்பதும் வரலாற்றின் பகுதி.

முடிவு மிதமானது. ஜிஜி பால் குடித்தவர்களில் மியூட்டன்ஸ் எண்ணிக்கை குறைந்தது; சொத்தை அபாயம் குறைந்தது; 3, 4 வயதுக் குழந்தைகளிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது. சின்ன வயதில் பலன் கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணத்தை ஊகிக்கலாம். அமெரிக்காவின் பேஜ் காஃபீல்ட் 1993-ல் காட்டியபடி, பெரும்பாலான குழந்தைகளின் வாயில் மியூட்டன்ஸ் குடியேறுவது ஏறத்தாழ ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள், அநேகமாக அம்மாவின் எச்சில் வழியாக. சூடு பார்க்க ஊதிய கரண்டி, கடித்துக் கொடுத்த பண்டம், இப்படி. ஊர் முழுக்கக் குடியேறிய பிறகு ஒருவரை வெளியேற்றுவது கடினம். குடியேறிக்கொண்டிருக்கும்போதே இடத்தை வேறொருவர் பிடித்துவிட்டால் காரியம் சுலபம். புரோபயாட்டிக் பல்லில் செய்ய முயல்வது இதைத்தான். அது இடத்துக்குப் போட்டி போடும், தீனிக்குப் போட்டி போடும், சில வகைகள் பக்கத்துக் கிருமியைக் கொல்லும் புரதத்தையும் சுரக்கும்.

ஹெல்சிங்கிக்குப் பிறகு வடக்கு ஐரோப்பா முழுக்க ஆர்வம் பற்றிக்கொண்டது. சுவீடனின் உமியோ நகரில் 248 குழந்தைகளுக்கு 21 மாதம் இன்னொரு ரம்னோசஸ் வகையையும் ஃபுளோரைடையும் பாலில் சேர்த்துக் கொடுத்தார்கள். 2009-ல் வெளியான முடிவில் சொத்தை பெருமளவு குறைந்திருந்தது. ஆனால் குறைத்தது கிருமியா, ஃபுளோரைடா? இரண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றிவிட்டதால் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஃபுளோரைடின் பலன் ஏற்கெனவே நிரூபணமானது என்பதால் சந்தேகம் கிருமியின் பக்கமே விழுகிறது.

சுவீடனில் நடந்த இன்னும் இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில், லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரியைத் தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலும் குழந்தைக்கு முதல் ஓராண்டிலும் கொடுத்தார்கள். ஒன்பது வயதில் பார்த்தபோது அந்தக் குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்குச் சொத்தை இல்லை. கொடுக்காதவர்களில் 58 சதவீதம். இன்னொன்றில் வேறு ஒரு வகையை நான்காம் மாதத்திலிருந்து பதின்மூன்றாம் மாதம் வரை உணவில் கலந்து கொடுத்தார்கள். அதே ஒன்பது வயதில் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த வகை வாயில் தங்கவும் இல்லை. ஒரே நாடு, ஒரே வயது, ஏறத்தாழ ஒரே யோசனை. விடை மட்டும் எதிரும் புதிருமாக வந்தது. ஒரு வகைக் கிருமியைப் பற்றிச் சொன்னதை இன்னொரு வகைக்குச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தயிர்க் குடும்பத்தை விட்டு வாயின் சொந்தக் குடிகளையே படைக்கு எடுத்தவர்களும் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டாக், நாக்கில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸிலிருந்து எம்18 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார். ஃபுளோரிடாவில் ஜெஃப்ரி ஹில்மன் இன்னும் துணிந்தார். மியூட்டன்ஸையே எடுத்து, லாக்டிக் அமிலம் செய்யும் மரபணுவை வெட்டிவிட்டு, மற்ற மியூட்டன்ஸைக் கொல்லும் வகையாக 2000-ல் உருவாக்கினார். ஒருமுறை பூசினால் ஆயுளுக்கும் போதும் என்பது அவர் கனவு. மனிதர்களிடம் சோதிக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விதித்த நிபந்தனைகள் கடுமையாக இருந்ததால் போதிய ஆட்கள் கிடைக்காமல் அது நின்றுபோனது.

இந்தியாவுக்கு வருவோம்.

இங்கே 2010-க்குப் பிறகு குழந்தைப் பல் மருத்துவத் துறைகள் பலவற்றில் இந்தச் சோதனைகள் நடந்தன. 2011-ல் சிங், டாம்லே, சாவ்லா ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் 12 முதல் 14 வயதுள்ள 40 பிள்ளைகளுக்குப் பத்து நாள் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். பிஃபிடோபாக்டீரியம் பிபி-12, லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் லா-5 என்ற இரண்டு வகைகள் கலந்தது. குளிரில் கிருமி உயிரோடு இருக்கும், பிள்ளைகளும் மறுக்காமல் தின்பார்கள் என்பதால் ஐஸ்கிரீம். எச்சிலில் மியூட்டன்ஸ் குறைந்தது. லாக்டோபேசில்லஸ் எண்ணிக்கையில் மாற்றம் இல்லை. 2012-ல் பெங்களூரு பல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு நம் மனத்துக்கு நெருக்கமானது. சொத்தையில்லாத 10 முதல் 12 வயதுள்ள 40 பிள்ளைகளில் ஒரு பாதிக்குச் சாதாரணத் தயிர், மறுபாதிக்குப் புரோபயாட்டிக் தயிர், 30 நாள். மியூட்டன்ஸைக் குறைப்பதில் புரோபயாட்டிக் தயிர் முந்தியது.

இப்படியொரு சோதனை எப்படி நடக்கும் என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். காலையில் பல் துலக்காமல் வரச் சொல்வார்கள். பிள்ளைக்கு ஒரு மெழுகுத் துண்டைக் கொடுத்து மெல்லச் சொல்வார்கள், எச்சில் ஊறும். அதை ஒரு சிறு குப்பியில் துப்ப வேண்டும். முதல் நாள் பிள்ளைகள் கூச்சப்படும், இரண்டாம் நாள் யார் அதிகம் துப்புவது என்று போட்டி போடும். குப்பி ஐஸ் பெட்டியில் ஆய்வுக்கூடம் போகும். நீர்க்கச் செய்து, மற்றக் கிருமிகளை அடக்கும் மருந்து கலந்த அகரில் தடவி, 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்பார்கள். மூடியைத் திறந்தால் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கிய நீலப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் ஒரு மியூட்டன்ஸ் குடும்பம். அவற்றை எண்ணி எழுதுவார்கள். தயிர் கொடுப்பதற்கு முன் இத்தனை, பின் இத்தனை.

வேலை சுத்தமானது, செய்தவர்களின் உழைப்பும் நேர்மையானது. என் மனக்குறை வேறு. இந்த ஆய்வுகள் எண்ணியது பொட்டுகளை. பெற்றோர் கேட்பது பல்லை. எச்சிலில் கிருமி குறைந்தால் சொத்தை குறையும் என்று எடுத்துக்கொள்கிறோம், ஆனால் சொத்தை விழ மாதக்கணக்கு, வருடக்கணக்கு ஆகும். பத்து நாளிலும் முப்பது நாளிலும் அது தெரியாது. தயிரை நிறுத்தினால் வந்த கிருமி சில வாரங்களில் வாயை விட்டுப் போய்விடும்; பழைய குடிகள் திரும்பும். ஹாட்லி 1933-ல் எச்சிலை எண்ணிச் சொத்தையைக் கணித்தபோது செய்த அதே தாவலை நாமும் செய்கிறோம். இந்தியப் பல் மருத்துவக் குழுமத்தின் 2002-03 தேசியக் கணக்கெடுப்பில் 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதத்தினருக்கும் 12 வயதினரில் 53.8 சதவீதத்தினருக்கும் சொத்தை இருந்தது. பாதிக்குப் பாதி பிள்ளைகளின் வாய் கெட்டிருக்கும் நாட்டில் நாற்பது பிள்ளைகளின் ஒரு மாத எச்சில் போதாது.

உலகம் முழுக்க நடந்தவற்றையும் கூட்டிப் பார்த்தார்கள். 2016-ல் குருனர், பாரிஸ், ஸ்வெண்டிக்கே ஆகியோர் 50 ஆய்வுகளை, 3,247 பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்து அலசினார்கள். ஈறு நோய்க்குப் புரோபயாட்டிக் உதவக்கூடும். சொத்தைக்குப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்பது அவர்கள் தீர்ப்பு. அவர்கள் வேலை பார்த்த ஊர் பெர்லின், மில்லர் ரொட்டியையும் எச்சிலையும் கலந்த அதே பெர்லின். அதே ஆண்டு சிலி நாட்டின் சாந்தியாகோவில் 261 குழந்தைகளுக்குப் பத்து மாதம் புரோபயாட்டிக் பால் கொடுத்த ஆய்வில் புதிய சொத்தை குறைந்ததாக முடிவு வந்தது. வழக்கு மூடப்படவில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

சிகிச்சை என்று கேட்டால் விடை இன்னும் சுருக்கம். விழுந்த குழியை எந்தக் கிருமியும் அடைக்காது. எனாமல் கரையத் தொடங்கி, வெள்ளைத் திட்டாக இருக்கும் கட்டத்தில்தான் திரும்ப வழியுண்டு. அங்கேயும் ஃபுளோரைடுதான் முன்வரிசை மருந்து.

மறுபடி காளப்பநாயக்கன்பட்டி. இந்த அத்தியாயத்தை நான் இங்கிருந்து தொடங்கியதற்கு அந்தப் பையனின் பற்கள் மட்டும் காரணமில்லை. மேலே தெரிகிற மலை, உணவு மாறியதை ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து கவனித்த மலை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே சிறுதானியங்களுக்காக வேலை செய்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விதைத்த மலை அது. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று பல ரகங்கள். பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியது, சிறுதானியம் இறங்கியது. மரவள்ளி பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் வந்தவற்றில் ரேஷன் அரிசிக்குப் பக்கத்திலேயே பிஸ்கட்டும் மிட்டாயும் இருந்தன. மரவள்ளியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்த பயிர் அது. ஆனால் கூழும் களியும் உண்ட வாயில் நாளுக்கு ஐந்து தடவை இனிப்பு படுவது ஒரே தலைமுறையில் நடந்த மாற்றம்.

இப்படி ஒரு மாற்றத்தின் தடயம் பல்லிலேயே கல்லாக உறைந்திருப்பதை 2013-ல் கிறிஸ்டினா ஆட்லரும் ஆலன் கூப்பரும் காட்டினார்கள். ஐரோப்பாவின் 34 பழைய எலும்புக்கூடுகளின் பல்காரையிலிருந்து கிருமிகளின் மரபணுவை எடுத்தார்கள். வேட்டையாடி வாழ்ந்தவர்களின் வாயில் பலவகைக் கிருமிகள். உழவு வந்தபின் வாயின் குடித்தனம் மாறியது. ஆலைச் சர்க்கரையும் ஆலை மாவும் வந்த காலத்தில் வகைகள் சுருங்கி மியூட்டன்ஸ் ஓங்கியது. கலப்புப் பயிர் விளைந்த நிலத்தில் ஒற்றைப் பயிர் ஏறியதைப் போல என்று கொல்லிமலை விவசாயியிடம் சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது. அவருக்கு இன்னொன்றும் தெரியும். களைக்கு உரம் போட்டுக்கொண்டே நல்ல விதையைத் தூவினால் விளைவது களைதான். டீக்கும் மிட்டாய்க்கும் நடுவே ஒரு டம்ளர் புரோபயாட்டிக் அப்படித்தான்.

தயிரை விட்டுவிடலாமா என்றால், கூடாது. வீட்டில் உறை மோர் ஊற்றிய தயிர் கால்சியம் தரும், புரதம் தரும், சர்க்கரை சேர்க்காத மோர் பிள்ளைக்கு நல்ல பானம். ஆனால் அதில் எந்த வகை, எத்தனை கோடி என்று யாரும் எண்ணவில்லை. ஒவ்வொரு வீட்டு உறையும் வேறு. அந்த 2001-ஆம் ஆண்டு வரையறைப்படி அதைப் புரோபயாட்டிக் மருந்தென்று சொல்ல முடியாது. 2021-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றைக் குடல் நோய்களுக்காக ஆராயத் தொடங்கியதுபோல், நம் உறை மோரையும் புளித்த கூழையும் பல்லுக்காக யாராவது முறைப்படி ஆராய வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்த ஆய்வு இந்த அடிவாரத்திலும் மலைமேலும் உள்ள அங்கன்வாடிகளில் நடக்கலாம். ஹெல்சிங்கியின் காப்பகங்களுக்கு இங்கே நிகரானவை அவைதான். நடந்தால் இரண்டு ஆண்டுகளாவது நடக்க வேண்டும், பொட்டை விட்டுப் பல்லை எண்ண வேண்டும். இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் ஃபுளோரைடு பற்பசை உண்டு என்பது உறுதியாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்போல நீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். 70 வளைவு ஏறிய பிறகும் கிருமி உயிரோடு இருக்கிறதா என்பதை மேலே வைத்துச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பெற்றோரிடம் அவர்கள் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். 1940-களில் சுவீடனின் விப்பெஹோம் காப்பகத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு அவர்கள் சம்மதமின்றி ஒட்டும் டாஃபியைத் தின்னக் கொடுத்து, பற்கள் கெடுவதை எண்ணினார்கள். சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே தின்னும் இனிப்புதான் பல்லைக் கெடுக்கிறது என்று நாம் தெரிந்துகொண்டது அவர்களின் வாயை விலையாகக் கொடுத்து. மலைமக்களின் பிள்ளைகளிடம் அப்படி யாரும் நடந்துகொள்ளக் கூடாது.

ஆயாவிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் சொன்னேன். ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். ஆயா பேரனின் தாடையைப் பிடித்து, "வாய் தொற கண்ணு" என்றார்.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இன்றிரவு விளக்கடியில் உட்கார வைத்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அது சொத்தையின் முதல் நாள். நாளைக்கே பக்கத்து அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்தக் கோடு கறுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

(தொடரும்)